ஆடித் தள்ளுபடிக்குத் தெரியுமா ஐப்பசி மழை?

நேற்று மாலை காய்கறி வாங்கப் போகும் வழியில், மெயின் ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடை வாசலில் பெரிய பேனர் பார்த்தேன். தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடியாம். மொட்டைமாடிக்கும் தோட்டத்துக்கும் போடுகிற நாற்காலி, மேஜை, ஊஞ்சல் எல்லாம் 40 சதவீதம் குறைவு. படத்தில் ஒரு இளம் ஜோடி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் பளிச்சென்று நீல வானம். இது புரட்டாசிக் கடைசி. இன்னும் பத்து நாளில் அந்த வானம் என்ன நிறத்தில் இருக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சொல்வான். கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் இப்போது விற்கிறார்.

முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வீட்டுக்கு வெளியே போடும் நாற்காலியைத் தீபாவளிக்கு வாங்காதீர்கள். ஆடித் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள். மாசியில் வாங்குங்கள். "இதுக்கெல்லாமா சார் ஒரு பதிவு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பென்ஷன் பணத்தில் வாங்குகிறவர்களுக்கும், வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கும்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

நானும் ஏமாந்தவன்தான். 2021 தீபாவளி நவம்பர் 4. அதற்கு முதல் வாரம் தாம்பரம் பக்கம் ஒரு கடையில் பிரம்பு சோபா ஒன்று, நாற்காலி இரண்டு, நடுவில் வைக்கும் டீப்பாய் ஒன்று எடுத்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. முன்வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்து, "சூப்பரா இருக்கு சார்" என்றார்கள். நவம்பர் 6 இரவு பிடித்தது மழை. 7-ஆம் தேதி காலையில் சென்னையில் பாதி தண்ணீரில் நின்றது. அந்த ஒரு மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 100 சென்டிமீட்டரைத் தாண்டியது. நான் புத்திசாலித்தனமாகச் சோபாவைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். அதுதான் இன்னும் பெரிய தப்பு. மேலே விழுந்த மழையைவிட உள்ளே சிக்கிய ஈரம் மோசம். கார்த்திகையில் பிரித்துப் பார்த்தால் பிரம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். சுற்றியிருந்த நார்க்கட்டு தளர்ந்துவிட்டது. உள்ளே அடித்திருந்த சின்ன ஆணிகள் துருப்பிடித்து, துணியில் பழுப்புக் கறை. கடையில் கேட்டால், "நனைய விடக்கூடாது சார்" என்றார்கள். வாசலில் போடத்தான் வாங்குகிறேன் என்று சொல்லித்தானே ஐயா வாங்கினேன்!

அதே வருடம் அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். "சார், நீங்க செப்டம்பர்ல வாங்கியிருக்கணும். இங்க அப்பதான் பாதி விலை" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஒஹாயோவில் மே மாதம்தான் ஜனங்கள் வெளியே வந்து உட்காரத் தொடங்குவார்கள். செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அதோடு கோடைக் கொண்டாட்டம் முடிந்தது. பிறகு குளிர், பனி. கடையில் கிறிஸ்துமஸ் சாமானுக்கு இடம் வேண்டும், ஆகவே தோட்ட நாற்காலியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்குகிறவன் அதை கராஜில் அடுக்கிவைத்து அடுத்த மே மாதம் எடுப்பான். அந்த ஊர் வானிலைக்கு அது சரியான கணக்கு. இங்கே யாருக்கு கராஜ் இருக்கிறது? படிக்கட்டுக்கு அடியில் ஏற்கெனவே சைக்கிள், பழைய கிரைண்டர், கொலுப்படி எல்லாம் குடியிருக்கின்றன.

ஆனால் நம் ஊர் யூடியூப் தம்பிகளும் தங்கைகளும் அந்தக் கணக்கை அப்படியே தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "சம்மர் முடியும்போது வாங்குங்க, விலை இறங்கும்." எந்த சம்மர்? நமக்குக் கத்திரி மே மாதம் முடிகிறது. ஒஹாயோவின் செப்டம்பருக்குப் பின்னால் வருவது பனி. நம் செப்டம்பருக்குப் பின்னால் வருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் 20-ஐ ஒட்டி அது தொடங்குவது வழக்கம். சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புயல்களின் தேதிகளையும் பாருங்கள். தானே 2011 டிசம்பர் 30. வர்தா 2016 டிசம்பர் 12. கஜா 2018 நவம்பர் 16. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். இதில் எது வந்தபோது உங்கள் புது ஊஞ்சல் மொட்டைமாடியில் இருந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

ஆடிக்கு வருகிறேன். ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதத்தை ஓட்டுவதற்குக் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்ட உத்திதான் தள்ளுபடி. புடவைக்குச் சரி, பாத்திரத்துக்குச் சரி. அவை பீரோவுக்குள் இருப்பவை. நாற்காலி வெளியில் நிற்பது. ஆடியில் வாங்கினால் இரண்டு மூன்று மாதம் உட்காருவீர்கள், பிறகு மூன்று மாதம் மூடிவைப்பீர்கள். ஒரு வருட வாரண்டியில் கால் பங்கு தார்ப்பாய்க்கு அடியிலேயே போய்விடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் பொள்ளாச்சிக்காரர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் வரும் காற்று லேசான நாற்காலியை அடுத்த வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றார்கள், பிளாஸ்டிக் எம்மாத்திரம்! தவிர, பிரம்பு நாற்காலியில் எம்.ஆர்.பி. அச்சடித்து நான் பார்த்ததில்லை. எதிலிருந்து 40 சதவீதம் குறைத்தார்கள் என்று எப்படித் தெரியும்?

மர நாற்காலி என்றால் விஷயம் இன்னும் ஆழமானது. மரம் செத்த பிறகும் ஈரத்தை வாங்கும், விடும். மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் அந்தச் சுருக்கம் தெரியவே தெரியாது, அகலவாட்டில்தான் தெரியும். ஐப்பசியில் ஈர மரத்தை அறுத்து இழைத்துச் செய்த நாற்காலி அன்றைக்குக் கச்சிதமாக இருக்கும். பங்குனி, சித்திரை வெயில் பட்டதும் பலகை சுருங்கும், பொருத்து ஆட்டம் கொடுக்கும், கைப்பிடியில் வெடிப்பு விழும். அப்போது கடைக்குப் போனால் ஆறு மாதம் ஆகியிருக்கும், பில்லைத் தேடவேண்டும், விற்ற பையன் வேலையை விட்டிருப்பான். மாசியில் வாங்கினால் இதே கோளாறு ஒன்றரை மாதத்தில் வெளியே வந்துவிடும். கடைக்காரருக்கு உங்கள் முகம் மறந்திருக்காது, சண்டை போடலாம்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்பவர்களுக்கு என் யோசனை இது. மார்கழிக் கடைசியில் பலகையை எடுத்துவிடுங்கள். தேக்கு வாங்க முடிந்தால் நல்லது. பூவரசும் வேம்பும்கூட மோசமில்லை, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் போடாமல், நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கிவையுங்கள். தையும் மாசியும் அது காயட்டும். பங்குனியில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். "மார்கழி பீடை மாசம், எதுவும் வாங்கக்கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், விடிகாலையில் கோயிலில் பொங்கல் வாங்கிச் சாப்பிடுகிற மாதம் எப்படிப் பீடையாகும் என்று கேளுங்கள். என் மாமியாரிடம் கேட்டேன். பதில் வரவில்லை, முறைப்புதான் வந்தது.

இரும்பு நாற்காலிக்கு நாள் பார்ப்பது பெயிண்டுக்காக. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அது உலர்ந்து, மேலே பெயிண்ட் அடிக்க ஈரமில்லாத நாட்கள் வேண்டும். மாசி, பங்குனி அதற்கென்றே அமைந்தவை. கடற்கரையோரம் இருப்பவர்கள் இரும்பையே நினைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பார்கள். காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்பார்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. உப்புக்காற்றில் 202 பழுப்புப் புள்ளி போட்டுவிடும். எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். பிரம்பு மாதிரியே பின்னிய பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இதே எச்சரிக்கை. பின்னல் பல வருடம் இருக்கும், உள்ளே இருக்கும் சட்டம் இரும்பா அலுமினியமா என்பதுதான் கேள்வி. தூக்கிப் பார்த்தாலே எடையில் பாதி தெரிந்துவிடும்.

"இவ்வளவு எதுக்கு சார், நாலு பிளாஸ்டிக் சேர் போதாதா" என்று சிலர் சொல்வீர்கள். போதும்தான். ஆனால் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர், எழுபது தாண்டியவர், மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துவிட்டு அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கோடை வெயிலை அங்கேயே நின்று வாங்கிய நாற்காலி. பின்னங்கால் பிளந்தது. இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, ஆறு மாதம் படுக்கை. இன்றைக்கும் கோலோடுதான் நடக்கிறார். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தப் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் முறித்துக்கொண்டே இருக்கும். கையால் தேய்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டுகிறதா, நிறம் வெளிறிவிட்டதா, காலருகே மயிரிழை போலக் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அதில் வயதானவர்களை உட்காரவைக்காதீர்கள். பிளாஸ்டிக்குக்கு மட்டும் வாங்கும் மாதம் பெரிதில்லை. அதை எந்த மாதங்களில் வெயிலில் விட்டுவைக்கிறீர்கள் என்பதே விஷயம். பங்குனி முதல் ஆனி வரை பகலில் நிழலுக்குள் இழுத்துவிடுங்கள்.

நான் சொன்ன கணக்கு தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாகர்கோவில் நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூடலூர், வால்பாறையில் ஆனி, ஆடியில்தான் கொட்டும். நீங்கள் எல்லாரும் அந்த மழை வருவதற்கு வெகு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் மாசியே வசதி.

எனக்கு விடை தெரியாத எதிர்வாதம் ஒன்று உண்டு. "கையில போனஸ் வர்றது தீபாவளிக்குத்தானே சார்?" நியாயம். பணம் இருக்கும்போதுதான் வீட்டில் பேச்சே எடுக்க முடியும். தையில் பள்ளிக்கூட ஃபீஸ், மாசியில் யாராவது வீட்டு விசேஷம் என்று கரைந்துவிடும். ஆகவே தீபாவளிப் பணத்தில் இதற்கென்று ஒரு தொகையைப் போஸ்ட் ஆபீசில் போட்டுவைத்து, வீட்டில் சொல்லாமல் இருங்கள் என்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. மார்ச் கணக்கு முடிக்கும் அவசரத்தில் கடைக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். பேனர் இருக்காது, பேரம் பேசத்தான் வேண்டும்.

எந்த மாதமும் பார்க்கவேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று இருக்கிறது. கருங்கல்லிலோ கடப்பாக்கல்லிலோ வாசலில் ஒரு பெஞ்சு. இரண்டு பக்கம் செங்கல் கட்டு, மேலே பலகைக் கல், முடிந்தது. நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. நம் தாத்தாக்கள் அதைத் திண்ணை என்று வீட்டோடு சேர்த்தே கட்டினார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று இடித்தது நாம்தான்.

வீட்டம்மாவுக்கு இப்போதைக்கு ஹாலில் கிடக்கும் மர நாற்காலியைத்தான் மழை இல்லாத நாளில் வாசலுக்கு எடுத்துப் போடுகிறேன். மாசியில் சிதம்பரம் போகும் வேலை இருக்கிறது. திரும்பும்போது தைக்காலில் இறங்கி, ரோட்டோரக் கடையில் பிரம்பு பின்னுகிறவரிடமே நேரில் பேசி இரண்டு நாற்காலி எடுப்பதாக உத்தேசம். அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இப்போது என்ன விலை போகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும். கால் நீட்டி வைக்க ஒரு மோடாவும் வேண்டும்.