கிசான் கார்டு இருந்தால் வீடு கிடையாதா?



ஏழைக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் கொடுப்பதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஓடுகிறது. டவுன் பக்கம் போனால், "ஓசி வீடு குடுத்தே ஜனங்களைக் கெடுத்துட்டாங்க" என்கிறார்கள். நம் தெருவிலோ, "அதெல்லாம் நமக்கு வராதுப்பா" என்று துண்டை உதறிவிட்டுப் போகிறார்கள்.

ஓசி என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கடன் வாங்கினால், கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை பழைய வரி முறையில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் அரசாங்கப் பணம்தான். அதை யாரும் ஓசி என்பதில்லை.

நமக்கு ஏன் வராது? பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில், யாருக்கெல்லாம் வீடு இல்லை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வரம்புள்ள கிசான் கார்டு வைத்திருந்தால் வீடு இல்லை! இரண்டு ஏக்கர் நெல்லுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதும் பயிர்க்கடனே இன்றைக்கு அந்தத் தொகையைத் தாண்டிவிடும். கடன் வாங்கினவன் பணக்காரனாம். என்ன கணக்கு இது?

இத்தனைக்கும் 2024-ல் இதே பட்டியலைத் திருத்தினார்கள். பைக், பிரிட்ஜ் இருந்தால் வீடு இல்லை என்பதை எடுத்தார்கள். மாத வருமான வரம்பை 10,000-லிருந்து 15,000 ஆக்கினார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் கிசான் கார்டு வரியை மட்டும் தொடவில்லை. ஈடு இல்லாமலே 2 லட்சம் வரை விவசாயக் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி முதல் சொல்லிவிட்டது. வங்கிக்கு 2 லட்சம் வரை நாம் ஏழை விவசாயி. வீட்டுப் பட்டியலுக்கு 50,000-லேயே மிராசுதார்!

இரண்டரை ஏக்கர் பாசன நிலம் இருந்தாலும் கிடையாது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா, முள்செடி கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் யார்?

தப்பித்தவறிப் பட்டியலில் பெயர் வந்தவர் பாடு மட்டும் என்ன? சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் என்று 2016-ல் வைத்தார்கள். 2024-ல் இன்னும் 2 கோடி வீடு கட்டத் திட்டத்தை நீட்டியபோதும் அதே 1.20 லட்சம். கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி எட்டு வருஷமாக அப்படியேவா நின்றது? தமிழக அரசு அதே 2024-ல் கனவு இல்லத்துக்கு 3.50 லட்சம் என்று அறிவித்ததே, கட்டுகிற செலவு என்ன என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் மிச்சக் காசுக்குக் கந்துவட்டிக்காரன் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, வருகிற கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள், ஒழுகுகிற கூரைக்குக் கீழே சமைப்பவர்கள் அவர்கள்தான். கிசான் கார்டு விதியை நீக்கு, 1.20 லட்சத்தை உயர்த்து என்று தீர்மானம் எழுதச் சொல்லுவோம். மேடையில் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, மினிட் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.