கருவாட்டின் விலை

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. எமது தோட்டத்துப் பிள்ளைகள் கடல்மீனைக் கருவாடாகவே அறிவர். ஆகவே சென்ற ஆடி மாதம் அவர்களைப் பதுளையிலிருந்து மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு அழைத்துச் சென்றோம்.

காலையில் களப்பில் சிறு தோணி வலித்தோம். வீச்சு வலையில் நாலைந்து திரளி மீன்கள் அகப்பட்டன. மாலையில் கடலோரப் பாறையில் நின்று தூண்டிலிட்டோம். கடல் அமைதியாகவே தோன்றிற்று. திடீரென ஒரு பேரலை பாறைமேல் ஏறிற்று. எமது இளைய மகனை அது இழுத்துச் செல்லுமுன், அருகில் நின்ற முதிய மீனவர் எட்டிப் பிடித்தார்.

“தம்பி, கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. என் அண்ணன் இப்படித்தான் போனான்” என்றார்.

கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. வாசகர்களே, அன்று முதல் எமது வீட்டில் கருவாட்டின் விலையைக் குறித்து எவரும் முணுமுணுப்பதில்லை.