நகரசபை பட்ஜெட்டும் நம் லைன் வீடுகளும்

நகரசபை பட்ஜெட் என்றதும் "வரி ஏறுமா?" என்று கேட்பதோடு நம்மவர் நின்றுவிடுகிறார்கள். இது சுரங்கக் காலத்துப் பழக்கம். நம் பாட்டனார்கள் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த நாள் முதல் லைன் வீடும் கம்பெனியுடையது, பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரும் கம்பெனி தந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர்! வரவு செலவை நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? 2001-இல் சுரங்கம் மூடப்பட்டதும் அந்தக் காலம் போயிற்று.

வரி சற்று உயர்வதை நான் எதிர்க்கவில்லை (திட்டுவோர் திட்டட்டும்). பராமரிப்புக்கு எவ்வளவு என்பதே என் கேள்வி. தண்டவாளம் தேயும் என்று தெரிந்தே ரயில்வேயில் தேய்மான நிதி என்று தனியாக எடுத்து வைப்போம். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் அப்படியொரு தொகை வேண்டாமா? புதுக் கட்டடத்துக்குத் திறப்புவிழாக் கல் உண்டு. பழைய குழாயை மாற்றினால் யார் கல் நடுவார்கள்?

பட்ஜெட் அறிக்கை கன்னடத்தில் இருக்கும். ஏப்ரலுக்கு முன்பே, பள்ளியில் கன்னடம் படிக்கும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர்க் கட்டண வரவையும் குழாய்ப் பராமரிப்புச் செலவையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு எழுத்து மூலம் கேளுங்கள்.