நிறுத்தி வைத்த காரும் நின்றுபோகாத ஓட்டுநரும்

மோட்டார் காப்பீட்டுப் பாலிசியின் அச்சிட்ட பக்கங்களில் தீக்கு இடமுண்டு, திருட்டுக்கு இடமுண்டு, வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் இடமுண்டு. கடைக்குள் பத்து நிமிடம் போய்த் திரும்புவதற்குள் யாரோ காரை இடித்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்குத் தனியே ஒரு வரியும் கிடையாது. ஆனால் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி சந்திப்பது இந்தச் சிறு துன்பத்தைத்தான். நெளிந்த பம்பரும், கதவில் நீளமாக ஓடிய கீறலும், அருகில் எவருமில்லாத சாலையும் மட்டுமே மிச்சமாகின்றன.

பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை வழியாகக் கோபாலபுரம் எல்லையைத் தொடும் பொள்ளாச்சிச் சாலையை எடுத்துக்கொள்வோம். காய்கறியும் தேங்காயும் ஏற்றிய லாரிகள், சித்தூர்த் தாலூக்காவின் தோப்புகளிலிருந்து கள் ஏற்றிச் செல்லும் வேன்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் போய்வரும் வண்டிகள், தனியார் பேருந்துகள் எல்லாம் ஒரே சாலையில்தான் போக வேண்டும். எண்பலகைகளில் கே.எல். 09, கே.எல். 70, டி.என். 41 மூன்றும் கலந்தே தென்படும். இடித்த வண்டி அரை மணி நேரத்தில் அடுத்த மாநிலத்தில் இருக்கலாம். கல்பாத்தித் தேரோட்டத்துக்கும் நெம்மாறை–வல்லங்கி வேலாவுக்கும் காரில் போய் வயலோரத்தில் நிறுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் என்ன தருகிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 132ஆம் பிரிவில், விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநர் தம் பெயரையும் முகவரியையும், உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்கிறது. யாரிடம்? பாதிக்கப்பட்டவர் கேட்டால், அவரிடம். கேட்பவரும் தம் பெயர் முகவரியைத் தர வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பற்றி அந்த வாசகம் கவலைப்படவில்லை. காரின் உரிமையாளர் மளிகைக் கடையில் நிற்கிறார். கார் கேள்வி கேட்காது. நம் கருத்தில் இதுதான் இந்த விவகாரத்தின் வேர்.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 170ஆம் பிரிவில், உரியவரிடம் விவரம் கொடுக்க இயலாத ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஜெர்மனியில் இன்னும் கடுமை. அங்கே உரியவர் வருவதற்காக நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவதுகூடப் போதாது. மீறினால் குற்றவியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அவ்வளவு தூரம் நாம் போகத் தேவையில்லை. ஆனால் பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நம் சட்டத்தின் 134ஆம் பிரிவும் சொல்கிறது; அது நடைமுறையிலும் செயல்பட வேண்டும் என்பதே நம் நிலை.

இடித்துவிட்டு ஓடுவதைப் பற்றி நாட்டில் விவாதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்துத்தான். அது உயிரிழப்பு பற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் முதல் தரப்படுகின்றன. உயிருக்கு முதலிடம் தருவது சரியே. பொருட்சேதம் மட்டும் இந்த ஏற்பாட்டில் எங்கும் வரவில்லை. சேதம் விளைவித்தல் என்னும் குற்றமும் இங்கே உதவாது. அதற்குக் கெடுதல் செய்யும் எண்ணமோ, கெடுதல் நேரும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தவரிடம் இருந்தது கவனக்குறைவு மட்டும்தான்.

ஆகவே காவல் நிலையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு, பேச்சுவழக்கில் ஜி.டி. என்ட்ரி. கேரளத்தில் வாகன விபத்துக்கான இந்தப் பதிவின் நகலை நிலையத்துக்குப் போகாமலேயே காவல்துறையின் போல்-ஆப் செயலி வழியாகக் கேட்டுப் பெறலாம். அற்பமான தாளாகத் தோன்றினாலும் அதை வாங்கி வைப்பது நல்லது. எதிர்க்கடையில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் கடைக்காரரிடம் அன்றைக்கே பேச வேண்டும். பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்து புதியவை ஏறிவிடும். வண்டியின் எண் தெரிந்துவிட்டால் நிலைமையே வேறு. 133ஆம் பிரிவின்படி, காவல்துறை கேட்டால் ஓட்டியவர் யார் என்பதை உரிமையாளர் சொல்லியாக வேண்டும்.

எண் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு அதிலிருந்து எதுவும் வராது. முழுச் செலவும் அவருடையது. விரிவான காப்பீடு எடுத்தவர் தம் பாலிசியிலேயே கோரலாம். ஆனால் கோருவது எப்போதும் இலாபமா? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், ஏனெனில் பலர் இதைப் போடுவதில்லை.

ஒர்க்ஷாப்பில் 9,000 ரூபாய் பில் என்போம்: புதிய பம்பர் 5,000, பெயிண்ட் வேலை 4,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி. எனவே பம்பருக்குக் கிடைப்பது 2,500. பெயிண்ட் பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், மீதி 3,500. ஆக 6,000. இதிலிருந்து 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கான கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 5,000. தேய்மானமில்லாக் காப்பீட்டைக் கூடுதலாக எடுத்திருந்தால் 8,000 வரும்.

இனி மறுபக்கம். கோரிக்கையில்லாத ஆண்டுகளுக்கான ஊக்கத்தொகை, அதாவது நோ கிளைம் போனஸ், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஒரே ஒரு கோரிக்கை அதைச் சுழியத்துக்கு இறக்கிவிடும். இப்போது 35 விழுக்காட்டில் இருப்பவர் கோராமல் இருந்தால் அடுத்த ஆண்டு 45, பிறகு 50, 50, 50, 50. கோரினால் 0, 20, 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 45, 30, 25, 15, 5: மொத்தம் 120 விழுக்காடு. காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்பதையும் கணக்கில் கொண்டு, சொந்தச் சேதப் பிரீமியத்தைச் சராசரியாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்தாண்டில் இழப்பது 7,200. ஐயாயிரம் பெறுவதற்கு ஏழாயிரத்து இருநூறு. போனஸ் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீட்டை எடுத்தவருக்கு இந்தக் கணக்கு மாறும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கார் கடன் வழங்கும் மேசையிலேயே பாலிசியும் கையெழுத்தாகிறபோது, கடன் தவணைக்குச் செலவிடும் விளக்கத்தில் கால் பங்கையாவது இதற்கும் செலவிட வேண்டும் என்று வங்கிக் கிளைகளிடம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

சிறு சேதங்களுக்கென்று மாதம் 500 ரூபாய்த் தொடர் வைப்பு ஒன்றைப் போட்டு வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம். இரண்டு ஆண்டில் 12,000 ரூபாயும் வட்டியும் சேரும். பம்பர் நெளிந்தால் அதிலிருந்து செலவு செய்துவிட்டுப் போனஸைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். பழைய ஊர்க்காரர்களின் புத்தி. கதவும் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து 40,000 ரூபாய் பில் வந்தால் அந்தப் புத்தி போதாது; அப்போது தயங்காமல் கோர வேண்டியதுதான்.

கோருவதாயின் உள்ளதைச் சொல்லிக் கோர வேண்டும். ஒர்க்ஷாப்புகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. “தூணில் இடித்ததாக எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்” என்பார்கள். “பழைய கீறலையும் இதோடு சேர்த்துவிடலாம்” என்பார்கள். இரண்டும் வேண்டாம். நிறுத்தியிருந்த காரில் அடையாளம் தெரியாத வண்டி மோதியது என்பது வெளியிலிருந்து நேர்ந்த விபத்து. பாலிசி அதை ஏற்கிறது. பொய்யான கூற்று எழுதிய படிவமே பின்னர் கோரிக்கையை மறுப்பதற்குக் காரணமாகலாம். படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பார்வையிட்ட பிறகே டிங்கரிங் வேலைக்கு விட வேண்டும். நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், கேரளத்தில் வசிப்பவருக்குக் கொச்சியில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. வண்டி தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தாலும் கவலை வேண்டாம். புகார்தாரரின் வசிப்பிடத்தை வைத்தே அங்கே செல்லலாம்.

இடித்தவரிடமும் சில சொற்கள். அவரும் ஒரு வங்கியின் வாடிக்கையாளராகத்தான் இருப்பார்; இந்த இதழையே புரட்டிக்கொண்டிருக்கலாம். அவர் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட மனம் என்று நாம் நினைக்கவில்லை. செலவும் சண்டையும் வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதி அறியாமை. அவர் கட்டாயமாக எடுத்திருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு பிறர் பொருளுக்கு நேரும் சேதத்தையும் ஏற்கிறது. தனியார் காருக்கு வழக்கமான உச்சவரம்பு ஏழரை லட்சம் ரூபாய். அதில் கோரிக்கை வந்தால் அவருடைய போனஸ் குறையாது, ஏனெனில் போனஸ் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே உரியது. பெயர், தொலைபேசி எண், நேரம், இம்மூன்றும் எழுதிய சீட்டை வைப்பரின் அடியில் செருகிவிட்டுப் போவதில் அவருக்கு நட்டமில்லை. குற்றம் என்னுடையது, முழுப் பணமும் தருகிறேன் என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளலாகாது என்று பாலிசியின் நிபந்தனை சொல்கிறது. ஆனால் பெயரையும் எண்ணையும் தருவதை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை.

அதன் பிறகான பாதை நீளமானது என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்றாம் நபர் பொருட்சேதத்துக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாட வேண்டியிருக்கலாம். 9,000 ரூபாய்க்காக அங்கே ஏறி இறங்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் இரு தரப்பும் சாலையோரத்திலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். பேசுவதற்கு எதிரில் ஆள் இருந்தால் அதுவும் நல்லதே.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. போனஸ் இன்று குற்றமற்றவரையும் குற்றமுள்ளவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கோரியவர், கோராதவர் என்றே பார்க்கிறது. ஜி.டி. என்ட்ரியோடு வரும், நிறுத்திய காருக்கு நேர்ந்த சேதத்துக்கான முதல் கோரிக்கையைப் போனஸ் கணக்கிலிருந்து விலக்கலாம். பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்று நிறுவனங்கள் சொல்லும். இப்போதே எல்லோரும் தூணில் இடித்ததாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அச்சம் பாதி வலுவிழந்ததே.

132ஆம் பிரிவைத் திருத்தும் நாள் வந்தால், எலப்புள்ளி போன்ற எல்லையூர்களையும் நினைவில் கொண்டு எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையை எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் வழிசெய்திருக்கிறது. அதுபோலவே, இங்கே ஒரு கதவை நெளித்துவிட்டுக் கோபாலபுரத்தைத் தாண்டிய ஓட்டுநர் பொள்ளாச்சி நிலையத்தில் தெரிவித்தாலும், அது மறுநாளே பாலக்காட்டுக்கு வந்து சேர வேண்டும்.