கெடுப்பது சித்திரை, காட்டிக் கொடுப்பது மார்கழி

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிற நாம், வாசலில் நிற்கிற காரின் பாட்டரியை நினைப்பதே இல்லை. அது ஆம்பிளைகள் சமாசாரமாம்! நடுராத்திரியில் பிள்ளைக்கு மூச்சுத் திணறி, கம்பத்திலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது வண்டி 'டிக் டிக்' என்று நின்றுவிட்டால் தவிப்பது நாமும்தானே?

சாதாரணமாக ஒரு பாட்டரி 3 முதல் 5 வருஷம் உழைக்கும். வெயில் அதிகமான நம்ம பக்கம் 3 வருஷம் ஆனதுமே உஷாராகிவிட வேண்டும். மார்கழி விடியலில் வண்டி கிளம்பாவிட்டால் குளிரைத் திட்டுகிறோம். ஆனால் கெடுதல் நடந்தது சித்திரையில்! வீரபாண்டித் திருவிழா சமயத்து வெயிலில் பாட்டரிக்குள் தண்ணீர் வற்றும், ஈயத் தகடுகளும் சீக்கிரம் அரித்துப் போகும். குளிர் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே காரை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த எதிரி குட்டிப் பயணம். வண்டியைக் கிளப்பச் செலவான மின்சாரம், பக்கத்துத் தெருச் சந்தைக்குப் போய் வருவதற்குள் திரும்பச் சேராது. அரைவயிறாகவே கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது. வாரம் ஒருமுறை சின்னமனூர் வரை போய் வருகிற மாதிரி நீளமாக ஓட்டுவது நல்லது. எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கையும் பாட்டையும் போட்டு வைக்கக் கூடாது. மேகமலை ரோட்டுக் குலுக்கலும் பாட்டரிக்கு ஆகாது. அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் இறுக்கமாக இருக்கட்டும்.

மூடி திறக்கிற வகை என்றால் மாதம் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டி, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். பாட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக் கூடியது. பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

பழைய பாட்டரியைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பழையதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

கிளப்பும்போது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, விளக்கு மங்குகிறதா? அன்றைக்கே சோதித்துப் பாருங்கள். புதிது வாங்கினால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய தேதியையும் கேஸ் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.