குட்டிக்குக் கருத்தடை எப்பொழுது?

சென்ற கார்த்திகைத் திங்களில் சிதம்பரம் புகைவண்டி நிலையத்தருகே மழையில் நனைந்து கிடந்த பெண் நாய்க்குட்டியொன்றை யாம் கடலூர்க்கு எடுத்துவந்தோம். எடை ஒரு கிலோகூட இல்லை. மறுநாளே வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. உடனே கருத்தடை செய்க என்றார் எம் தந்தையார். ஒருமுறை ஈன்றபின் செய்தலே நலமென்றார் பாட்டியார்.

பாட்டியார் கூற்று பலரும் கூறுவதே. ஆயினும் அதற்கு மருத்துவச் சான்றில்லை. முதற்பருவத்திற்கு முன்னரே அறுவை செய்யின் முலைக்கட்டி மிகக் குறையுமென 1969-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அச்சான்று வலிவற்றதென 2012-இல் மீள ஆய்ந்தோர் கூறினராயினும், சூற்பையும் கருப்பையும் அகற்றியபின் கருப்பைச் சீழ்நோய்க்கு இடமில்லை என்பது வெளிப்படை.

தந்தையாரின் விரைவும் எமக்கு உடன்பாடன்று. மிகச் சிறிய குட்டியின் உடல் மயக்க நிலையில் விரைந்து குளிர்ந்துபோம். இரத்தத்திற் சர்க்கரையும் தாழும். ஆகலின் வளர்ந்த நாயைப்போல் அதனை அறுவைக்குமுன் நெடுநேரம் பட்டினியிடலாகாது. மேலைநாட்டுக் காப்பகங்களில் எட்டு வாரக் குட்டிக்கும் இவ்வறுவை நிகழ்கின்றது, உண்மையே. ஆங்கு, குட்டி யார் கைக்குச் செல்லுமோ, அவர் பின்னர்ச் செய்வாரோ என்னும் ஐயமுண்டு. எம் வீட்டிலோ பாட்டியாரைத் தவிர வேறு ஐயமில்லை.

சிறிய நாய் ஆறாந் திங்களிலேயே பருவமெய்தக்கூடும். ஆதலின் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முடித்து, ஐந்தாறு திங்களளவில், கால்நடை மருத்துவர் எடை நோக்கி நாள் குறித்தலே தக்கதென்பது எம் துணிபு. இன்னும் பொறுப்போம் என்பார் ஒன்றை மறக்கின்றனர்: கருவுற்ற ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள் வந்துவிடும். அவற்றைச் சாக்கிற் கட்டித் தேவனாம்பட்டினக் கடற்கரையில் விடுவோர் யாவர்? எம் குட்டியும் அங்ஙனம் விடப்பட்டதே போலும். பங்குனியில் மருத்துவரிடம் செல்லவிருக்கின்றோம். பாட்டியார் இன்னும் இசைந்திலர்.