ஏரிக்குக் கூரை போடலாமா?

"ஊட்டிக்குப் போயிருந்தோம், ஸார். மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது!"

இந்த வாக்கியம் காதில் விழாமல் எனக்கு ஓர் ஆவணி மாதம் பிறந்ததில்லை. சொல்கிறவர்கள் நல்லவர்கள்; படித்தவர்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சுதந்திர தின விடுமுறையோடு சனி ஞாயிறை ஒட்டவைத்து, பெண்டாட்டி பிள்ளைகளுடன் மலையேறிப் போனவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமே கிடையாது. கோபமெல்லாம் அந்த வாக்கியத்தின்மீதுதான். அதில் மழை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். எதிர்த் தரப்பில் பேச ஓர் ஆள் இல்லை. இன்றைக்கு அந்த வக்காலத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஃபீஸ் வேண்டாம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் பைக்காரா. அணையும், ஏரியும், படகுத் துறையும், கொஞ்சம் தள்ளி அருவியும் அங்கே உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதம் அந்தப் படகுத் துறையில், ஐம்பது அறுபது பேரோடு நானும் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஏரி இருக்கும் இடத்தில் வெள்ளை வெளேரென்று மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் முறையிட்டார்.

"என்ன ஸார் அநியாயம்! இவ்வளவு தூரம் வந்து போட்டிங் இல்லையாம். கவர்ன்மெண்டு இதற்கு ஏதாவது பண்ணக் கூடாதா?"

"எதற்கு?" என்றேன்.

"இந்த மழைக்குத்தான்! வெளிநாட்டில் பார்க்கையே கூரை போட்டு மூடிவிடுகிறான், ஸார். உள்ளேயே ஏரி, உள்ளேயே மரம், உள்ளேயே எல்லாம். வெளியில் மழை பெய்தால் என்ன, பனி பெய்தால் என்ன? இங்கேயும் அப்படி ஒன்று போட்டால் வருஷம் பூராவும் ஜனம் வருமே!"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சொன்னது பொய்யும் இல்லை. ஜெர்மனியில் பெர்லின் நகருக்குத் தெற்கே, ஆகாயக் கப்பல் கட்டுவதற்காகப் போட்ட பிரம்மாண்டமான கொட்டகை ஒன்றுக்குள் 2004-ஆம் ஆண்டு ஓர் உஷ்ணப் பிரதேசத் தீவையே சிருஷ்டித்துவிட்டார்கள். உள்ளே மணல் இருக்கிறது, தென்னை மாதிரி மரங்கள் இருக்கின்றன, குளிக்கத் தண்ணீர் இருக்கிறது. துபாயில் பாலைவனத்தின் நடுவே 2005 முதல் ஒரு கடைவீதிக் கட்டடத்துக்குள் பனிச் சறுக்கு நடக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊர்களில் இல்லாத ஒன்றைக் காசு கொடுத்து உண்டாக்கினார்கள். இங்கே இவர் கேட்பது வேறு. இருப்பதை மூடச் சொல்கிறார்.

இத்தனைக்கும் நம்மவர்களுக்கு நனைவதில் ஆட்சேபம் உண்டா என்றால் அதுவும் இல்லை. இதே நீலகிரியின் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், "பிளாக் தண்டர்" என்று ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் கறுப்பு இடி! டிக்கெட் வாங்கிக்கொண்டு, தலை முதல் கால் வரை நனைந்து, சொட்டச் சொட்ட நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பிறகு மலைமேல் ஏறுகிறோம். அங்கே இடியும் தண்ணீரும் இலவசமாகக் கிடைத்தால், "ஐயோ, டிரிப் கெட்டுப் போச்சு!" என்கிறோம். குழாயில் வந்தால் உல்லாசம். ஆகாயத்திலிருந்து வந்தால் உபத்திரவம். சுவிட்சு யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம் போலும்!

பைக்காராவில் சுவிட்சு நம் கையில் இல்லை. உண்மையைச் சொன்னால், நம் வீட்டு சுவிட்சுகளே ஒரு காலத்தில் பைக்காரா மழையின் கையில் இருந்தன. முக்குருத்தி மலையில் பிறந்து வருகிற பைக்காரா ஆற்றை மறித்து, தண்ணீரைக் கிளென்மார்கன் வழியாகக் கொண்டுபோய், ராட்சசக் குழாய்களில் மூவாயிரம் அடிக்கு மேல் கீழே இறக்கி, சிங்காரா மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல். அந்த மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் கமலை ஏற்றம் நின்று மோட்டார் ஓடியது. அந்த நாளில் கோயமுத்தூரில் ஆலைச் சங்கு ஊதியது என்றால், பைக்காராவில் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். அதே ஆற்றுத் தண்ணீரில் 150 மெகாவாட் எடுக்கும் இன்னொரு நிலையம் மலையைக் குடைந்து கட்டப்பட்டு 2005-இல் இயங்கத் தொடங்கியது. தண்ணீரின் வேலை அத்தோடு முடிவதில்லை. அது மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது.

ஆகவே, படகு விடவில்லையே என்று அந்தப் பெரிய மனிதர் கோபித்துக்கொண்டாரே, அந்தப் படகு மிதக்கும் ஏரியே தேக்கி வைத்த மழைதான். படம் எடுக்க வந்த அருவியும் மழைதான். வெயில் காலத்தில் போய்ப் பாருங்கள். அருவி மெலிந்து, பாறையெல்லாம் வெளியே தெரியும். அப்போது வந்தவர்கள், "அருவியில் தண்ணீரே இல்லை, ஸார்!" என்று குறைப்படுவார்கள். அருவி பொங்க வேண்டும். ஏரி நிரம்ப வேண்டும். புல் பச்சையாக இருக்க வேண்டும். ஆனால் மழை மட்டும், நாம் ஊருக்குத் திரும்பிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் பெய்துகொள்ள வேண்டும்!

இந்த எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? "சீஸன்" என்கிறோமே, அந்த வார்த்தையிலிருந்துதான். சமவெளி வெயில் தாங்காத வெள்ளைக்காரன் ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலைக்கு ஓடினான். சென்னை அரசாங்கத்தையே கோடையில் உதகமண்டலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போய்விட்டான், அவன் சீஸன் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் தாங்குவதில்லை.

ஆனால் தமிழனுக்குச் சொந்தமாக வேறொரு சீஸன் உண்டு. குற்றாலம்! ஆனி ஆடியில் சாரல் பிடித்துவிட்டது என்று சேதி வந்தால் போதும், திருநெல்வேலிச் சீமையே மூட்டை கட்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று, ஈர வேஷ்டியோடு சாரலில் நடந்து, சூடாக எதையாவது தின்றுவிட்டு, மறுபடியும் அருவிக்கே போவார்கள். ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோது ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடிப் போனார்கள். அங்கே மழை பெய்து விடுமுறை கெட்டுவிட்டதாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சாரல் இல்லாவிட்டால்தான், "இந்த வருஷம் சீஸன் சரியில்லை" என்று முகம் சுளிப்பார்கள். மழைக்காகவே உல்லாசப் பிரயாணம் போன ஜனங்கள் நாம். தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்துக்குப் பொழுது வகுத்தபோது கோடையைக் கொடுக்கவில்லை. ஐப்பசி கார்த்திகைக் கூதிரையும் முன்பனியையுமே கொடுத்தார். அப்படிப்பட்ட நாம், நீலகிரி என்றதும் வெள்ளைக்காரன் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மழையை வைவானேன்?

நீங்கள் கேட்கலாம்: "எழுதுகிறவருக்கு என்ன, நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் புகழலாம். மலையில் மழை என்றால் மண் சரிகிறதே, மரம் விழுகிறதே?" வாஸ்தவம். அதை மறைத்தால் என் வக்காலத்து பொய் வக்காலத்து ஆகிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னை நகரம் ஒரு வருஷம் முழுவதும் காண்கிற மழையில் அது பாதிக்கு மேல். 2024 ஜூலை 30-ஆம் தேதி விடிவதற்குள், கூடலூருக்கு அப்பால் மலைத் தொடரின் மறுபக்கமான வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. இருநூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 மே மாதக் கடைசியில் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்த நாளில், இதே ஊட்டி - கூடலூர் சாலையை ஒட்டி, சுற்றுலா வந்த ஒரு சிறுவன்மீது மரம் விழுந்து உயிர் போயிற்று.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தூறலைக் கண்டு முணுமுணுக்கிறவரும், சிவப்பு எச்சரிக்கையைக் கண்டு, "அதெல்லாம் சும்மா சொல்வார்கள், ரூமுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, வண்டியை எடு" என்கிறவரும் இரண்டு பேர் அல்ல. ஒரே மனிதர்தான். இரண்டு வியாதிக்கும் மூலம் ஒன்று. மலையை அவர் ஒரு பூங்காவாக நினைத்துவிட்டார். டிக்கெட் வாங்கினால் காட்சி நடந்தாக வேண்டும். ஆபத்து என்பது ராட்டினத்தில் வருகிற மாதிரி, பெல்ட்டு கட்டிக்கொண்டு அனுபவிக்கிற ஆபத்தாக இருக்க வேண்டும். மலைக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. அது கையெழுத்துப் போடவில்லை.

கூரை போடச் சொன்ன யோசனையும் அந்தப் பெரிய மனிதரோடு நின்றுவிட்டதா? ஒரே கூரையாகப் போடவில்லையே தவிர, துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். சரிவை வெட்டி ஒரு காட்டேஜ், அதற்கு ஒரு பாதை, பாதைக்கு ஒரு சுவர், மழையில் குழந்தைகளுக்குப் பொழுது போகவில்லை என்று ஒரு விளையாட்டுக் கூடம். நீலகிரியின் உச்சியில் சோலைக் காடும் புல்வெளியும் சேர்ந்து, பெய்கிற மழையைக் கடற்பஞ்சு மாதிரி உறிஞ்சி, மாதக் கணக்கில் சிறுகச் சிறுக ஓடைகளில் விட்டுக்கொண்டிருந்தன. அந்தப் புல்லை வெறும் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரன் தைல மரமும் சீகை மரமும் நட்டான். நாமும் தொடர்ந்து நட்டோம்; மிச்சத்தில் கட்டடம் கட்டினோம். பஞ்சை எடுத்துவிட்டுச் சிமெண்டைப் பூசினால், நேற்றுவரை உள்ளே இறங்கிய மழை இன்றைக்கு யார் வீட்டின்மேலாவது இறங்கத்தான் செய்யும். அது மழையின் குற்றமா?

சரி, மழைக் காலத்தில் போக நேர்ந்தவர்கள் என்னதான் செய்வது? பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. முதலாவது, சிவப்பு எச்சரிக்கை என்றால் போகாதீர்கள். போய்விட்டால் அறையைவிட்டு அசையாதீர்கள். கட்டிய பணத்துக்காக ரோட்டில் இறங்குகிறவர் பணத்தைவிட மலிவாகத் தம்மை மதிப்பிடுகிறார். இரண்டாவது, நீலகிரியில் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் ஒரே மழை கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் பைக்காராவும் நடுவட்டமும் கூடலூரும் நனைந்துகொண்டிருக்கும்போது, கிழக்கே கோத்தகிரியில் மேகம் மட்டும் இருக்கும். அவர்களுக்குப் பெரும் மழை ஐப்பசியில். இதைப் படகுத் துறையிலோ டீக்கடையிலோ யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். மூன்றாவது, ஒரே நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வாரநாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அத்தனை வண்டிகளும் அதே ஒன்பது இடத்துக்குத்தான் ஓடுகின்றன. ஓர் இடத்துக்குப் போய், ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேகம் விலகும்வரை உட்கார்ந்திருங்கள். பைக்காராவில் அன்றைக்கு முக்கால் மணி நேரம் நின்றவர்களுக்கு, மேகத்துக்கு நடுவிலே ஏரியின் ஒரு துண்டு தெரிந்தது; மறுபடியும் மூடிக்கொண்டது. அதைப் பார்த்த குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் அதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தார்கள்.

இதே மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலை பறிக்கிற பெண்களும், காரட் பிடுங்குகிறவர்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு மழை கஷ்டம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் கூலி இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். கஷ்டப்படுகிறவர்களே மழையைத் திட்டாதபோது, வேடிக்கை பார்க்கப் போன நாம் திட்டுவது நன்றாகவா இருக்கிறது?

அந்த மலைக்கு மூத்த குடிகளான தோடர்களுக்குப் பைக்காரா ஆறு தெய்வம். அதைக் கடக்கும்போது தோடர் ஆடவர், உடம்பைச் சுற்றியிருக்கும் போர்வைக்குள்ளிருந்து வலக் கையை வெளியே எடுத்துக்கொண்டுதான் கடப்பார்கள் என்று, அவர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். குளிரும் மழையும் நிறைந்த ஊரில் போர்வையை விலக்குவது சின்ன மரியாதை அல்ல. நமக்கு அந்தத் தெய்வத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை பைக்காராப் பாலத்தை நெருங்கும்போது தூறல் போட்டால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள். கையை நீட்டுங்கள்; குழந்தைகளையும் நீட்டச் சொல்லுங்கள். "இதுதான் ஏரி, இதுதான் அருவி" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.